புதுச்சேரி நாவலுக்கு எந்தப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி?

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை வைத்துக் கதை எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கரையில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வந்து இறங்க வேண்டும். அவன் யார்? பிரபு வீட்டுப் பிள்ளையா, கும்பினிக் (பிரெஞ்சுக் கிழக்கிந்திய வணிக நிறுவனத்தின்) கப்பலோட்டியா, எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்க உரிமச்சீட்டு வாங்கியவனா? "பொதுவாகக் கடற்படை அதிகாரி என்று போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம். மூன்றாம் அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு கல்யாணமோ பதவி உயர்வோ வரும்போது கதை திணறத் தொடங்கும்.

காரணம், அன்றைய பிரான்சில் கடலுக்குப் போக ஒரே ஒரு வாசல் இல்லை. எந்த வாசல் வழியாக நுழைந்தான் என்பதுதான் அவன் சம்பளம், உடை, யார் அவனுக்கு வணக்கம் சொல்வார்கள், யாரை மணக்கலாம், எந்தச் சிறையில் கிடப்பான் என்பதையெல்லாம் தீர்மானித்தது. பலரும் யோசிக்காமல் எடுப்பது அரசரின் பிரபுக் கடற்படை. புதுச்சேரிக் கதைக்குப் பெரும்பாலும் அது பொருத்தமில்லாத தேர்வு என்பது என் எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

ஆண்டு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். புதுச்சேரி தொடர்ச்சியாகப் பிரெஞ்சுக்காரர் கையில் இருக்கவில்லை. 1699இல் டச்சுக்காரரிடமிருந்து திரும்பக் கிடைத்து 1761 ஜனவரி வரை. மீண்டும் 1765 முதல் 1778 அக்டோபர் வரை. பிறகு 1785 முதல் 1793 ஆகஸ்ட் வரை. அதற்குப் பின் 1816இல்தான். இடையில் ஆங்கிலேயர். 1761இல் பிடித்தபோது கோட்டையையும் ஊரின் பெரும்பகுதியையும் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1770இல் நடக்கும் காட்சியில் உங்கள் நாயகன் பழைய கோட்டை மதிலில் சாய்ந்து நிற்க முடியாது.

கரையில் எத்தனை மாதம். புதுச்சேரிக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் சலங்கு என்ற கரைப்படகில் ஏறி அலையைக் கடந்து வர வேண்டும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் முன் போர்க்கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டுப் போய்விட வேண்டும். ஆங்கிலேயர் பம்பாய்க்கு, பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கு. அடம்பிடித்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1746 அக்டோபர் 13 இரவு சாட்சி: சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கும்பினித் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்களில் சில மூழ்கின, மற்றவை பாய்மரம் ஒடிந்து தத்தளித்தன. ஆகவே படைக்கப்பல் அதிகாரி ஒருவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுச்சேரியில் இருந்தால், அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

பிறப்பும் கல்யாணமும். பரம்பரைச் சான்று கேட்கும் வழிகள் உண்டு, கேட்காதவை உண்டு. அரசரின் அதிகாரி மணம் முடிக்க அனுமதி வேண்டும்.

ஏறும் வேகம், விழும் விதம். கதைக்கு இரண்டாவதுதான் முக்கியம். சில வழிகளில் தோற்றவன் வைஸ் அட்மிரல் ஆகிறான். சில வழிகளில் வென்றவன் பாஸ்டீல் சிறைக்குப் போகிறான்.

தமிழ்ப் பக்கத்துச் சான்று. ஊர் வதந்தி, அரிசி விலை, துபாஷிகளின் (மொழிபெயர்த்து வியாபாரம் முடித்துத் தந்த தரகர்களின்) கணக்கு இதெல்லாம் இல்லாமல் நாவல் எழுத முடியாது. 1736 முதல் 1761 வரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1778 முதல் 1792 வரைக்கு இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு. இந்த இரண்டு காலங்களில் ஒன்றைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

## ஒரே பார்வையில்

| வழி | யார் நுழையலாம் | ஏறும் வேகம் | கல்யாணம் | பொருந்தும் காலம் |
|---|---|---|---|---|
| அரசரின் காவலர் படை (சிவப்பு) | பிரபு குலச் சான்று உள்ளவர் | மிக மெது. கேப்டனாக இருபது, முப்பது ஆண்டு | அரசர் அனுமதி | 1758–59, 1782–83 |
| மால்டா வீரர் | இரு பக்கமும் பிரபு குலம் | காவலர் படை போலவே | கூடாது | 1782–83 |
| கும்பினிக் கப்பல் | சாமானியரும் | திறமை, தொடர்பு, பணம் | தடையில்லை | 1769 வரை |
| நீல அதிகாரி | வணிகக் கப்பலில் பழகியவர் | போரில் வேகம், அமைதியில் வீடு | பெரிய தடையில்லை | 1778–83 |
| தனியார் போர்க்கப்பல் | கப்பலுக்கு முதலாளி கிடைத்தவர் | ஒரே வேட்டையில் கூட | தடையில்லை | 1793க்குப் பிறகு, ஆனால் கரையில் இறங்க முடியாது |
| தரைப்படையிலிருந்து தாவியவர் | அரசவைச் செல்வாக்கு | நேராக மேலே | அரசர் அனுமதி | 1758–60 |

## அரசரின் காவலர் படை: பெயர் பெரிது, கரை தூரம்

பிரெஸ்ட், ரோஷ்ஃபோர், தூலோன் ஆகிய மூன்று துறைமுகங்களில் இருந்த பயிற்சிப் படை இது. பதினான்கு, பதினைந்து வயதில் பிரபு வீட்டுப் பையன்கள் சேர்வார்கள். கணிதம், கப்பலோட்டம், வாள், நடனம் எல்லாம் உண்டு. 1760களில் இவர்களுக்குத் தேர்வாளராக வந்தவர் பெசூ. இயற்கணிதம் படித்தவர்கள் இன்றும் அறிந்த அதே பெசூ. இங்கிருந்து வெளிவருபவர்களைச் சிவப்பு அதிகாரிகள் என்பார்கள், சீருடையின் சிவப்பு நிறத்தால். மற்ற எல்லோரையும் இவர்கள் ஒரு படி கீழேதான் வைத்துப் பார்த்தார்கள்.

பதவி வரிசை மூப்புப்படிதான் நகரும். பின்னாளில் இந்தியக் கடலில் பிரெஞ்சுக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய சுஃப்ரேன் 1743இல் சேர்ந்தார். முழுக் கேப்டன் ஆனது 1772இல். அதற்குள் 1747இலும் 1759இலும் இரண்டு முறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்தார். கடலாய்வாளர் என்று பெயர் பெற்ற லா பெரூஸ் 1756இல் சேர்ந்து 1780இல் கேப்டன் ஆனார். இருபத்தைந்து வயதில் 74 பீரங்கிக் கப்பலுக்குத் தலைமை தாங்கும் பிரபு நாயகன், திறமை எவ்வளவு இருந்தாலும், இந்த அமைப்பில் நம்பத் தகாதவன். அந்த வயதில் அவன் துணை அதிகாரியாக இருப்பான். கேப்டனின் சாப்பாட்டு மேசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

அந்த மேசையே ஒரு மறைமுகச் செலவு. தன் அதிகாரிகளுக்குச் சாப்பாடு போடுவது கேப்டனின் பொறுப்பு. அதற்கென அரசு தரும் படி எப்போதும் போதாது. வீட்டுப் பணத்தை எடுத்துப் போட வேண்டியிருக்கும். ஏழாண்டுப் போரின் நடுவில் கடற்படைக் கஜானா காலியானபோது சம்பளமும் நின்றது. வறண்ட பிரபு குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கேப்டன் பதவி வந்த அன்றே கடனாளி ஆவதை எழுத இடம் இருக்கிறது.

கல்யாணத்துக்கு லா பெரூஸ் நல்ல உதாரணம். மொரீஷியஸில் சந்தித்த எலெயோனோர் புரூதூவைக் குடும்ப அந்தஸ்து போதாது என்று தந்தை ஏற்கவில்லை. பல ஆண்டு இழுத்து, 1783இல் அனுமதி இல்லாமல் மணந்துவிட்டு, கடற்படை அமைச்சர் காஸ்த்ரியிடம் மன்னிப்புக் கடிதம் எழுதினார். மன்னிப்பும் கிடைத்தது. ஹட்சன் விரிகுடாவில் அப்போதுதான் வென்று திரும்பியிருந்தவர் அல்லவா.

இன்னொரு சிக்கல் உள்ளே இருக்கிறது. எல்லோரும் பிரபுக்கள், எல்லோரும் மூப்பால் ஏறியவர்கள், யாருக்கும் யாரிடமும் கடமைப்பட்ட உணர்வு இல்லை. சுஃப்ரேன் வங்காள விரிகுடாவில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸோடு ஐந்து முறை மோதினார். 1782 பிப்ரவரி 17 சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12 இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலை 6 நாகப்பட்டினம், செப்டம்பர் 3 திருகோணமலை, 1783 ஜூன் 20 கடலூர். பெரும்பாலானவற்றில் அவர் முன்னால் பாய்ந்தார். கேப்டன்களில் சிலர் பின்னால் தங்கிவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் செவேர் என்ற கப்பலின் கேப்டன் சிலார் கொடியையே இறக்கிவிட்டார். கீழ் அதிகாரிகள் அதை ஏற்காமல் தொடர்ந்து சுட்டதால்தான் கப்பல் தப்பியது. சண்டைக்குப் பிறகு சில கேப்டன்களைச் சுஃப்ரேன் பதவியிலிருந்து நீக்கினார். என்னைக் கேட்டால், இந்த வழியில் நாவலுக்கு உகந்த பாத்திரம் சுஃப்ரேன் அல்ல. செவேர் கப்பலில் அந்த நிமிடம் கேப்டனை எதிர்த்து நின்ற இளைய அதிகாரிதான்.

சுஃப்ரேனுக்கு நேர்மாறானவர், முந்தைய போரின் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷே. 1758 ஏப்ரல் 29 கடலூர், ஆகஸ்ட் 3 நாகப்பட்டினம், 1759 செப்டம்பர் 10 புதுச்சேரிக் கடல் என்று ஆங்கிலேய அட்மிரல் போக்காக்கோடு மூன்று முறை மோதினார். எதிலும் தெளிவான வெற்றி இல்லை. புதுச்சேரியில் எல்லோரும் கெஞ்சியும் மொரீஷியஸுக்குப் போனார், திரும்பி வரவில்லை. ஊர் 1761 ஜனவரியில் விழுந்தது. தரைப்படைத் தலைவர் லாலியின் தலை 1766இல் பாரிஸில் வெட்டப்பட்டது. தாஷே பின்னாளில் வைஸ் அட்மிரல் ஆனார். மூப்பு வரிசை ஒருவனை மெதுவாக ஏற்றும். கீழே தள்ள அதற்கு மனம் வராது.

இந்த வழி பொருந்துவது: கடற்போர்தான் உங்கள் கதை என்றால், கட்டளைக்கும் மானத்துக்கும் இடையில் ஒருவன் சிக்குவதை எழுத விரும்பினால். ஆனால் 1782–83ஐ எடுத்தால் களம் புதுச்சேரி அல்ல. அது அப்போது மதில் இல்லாமல் கிடந்த ஊர். படை இறங்கியது பரங்கிப்பேட்டையில், தளம் கடலூர், செப்பனிட்டுக்கொள்ள இடம் திருகோணமலை. 1782 கடைசியில் பருவக்காற்றுக்காகச் சுஃப்ரேன் ஒதுங்கியது சுமாத்ராவின் ஆச்சேயில். புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி இருக்கிறது என்பதற்காக அவரை அங்கே குடிவைத்துவிட வேண்டாம்.

## மால்டா வீரர்: சிவப்பின் மேல் ஒரு சிலுவை

இது தனி வேலை அல்ல. காவலர் படை வாழ்வின் மேல் போர்த்திக்கொள்ளும் இன்னொரு சட்டை. மூத்த மகனுக்குச் சொத்து போய்விடும் குடும்பங்களில் இளைய மகன்களை மால்டாவின் புனித யோவான் சபையில் சிறு வயதிலேயே பதிந்துவிடுவார்கள். சுஃப்ரேன் அப்படிப் பதியப்பட்டவர். ஐரோப்பாவில் அமைதி நிலவிய காலங்களில் சபையின் கப்பல்களில் மத்தியதரைக் கடலில் பயின்றார். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் வெற்றிக்கு உதவிய பிரெஞ்சு அட்மிரல் த கிராஸும் மால்டாவில் தொடங்கியவர்தான்.

லாபம்: அமைதிக் காலத்தில் மற்றவர்கள் துறைமுகத்தில் சும்மா கிடக்கும்போது இவர்கள் கடலில் இருப்பார்கள். வயது ஏறினால் சபை நிலங்களின் வருமானமும் வரும். விலை: பிரமச்சரிய விரதம். காதலை மையமாக வைத்த கதைக்கு இவன் ஆகாது. காதல் கூடாது என்பதையே மையமாக வைத்தால் இவனைவிடப் பொருத்தமானவன் இல்லை.

## கும்பினிக் கப்பலோட்டி: என் முதல் தேர்வு

பிரெஞ்சுக் கும்பினிக்குச் சொந்தக் கப்பல்கள், சொந்த அதிகாரிகள், சொந்தப் பதவி வரிசை இருந்தன. தலைமைத் துறைமுகம் பிரித்தானிக் கரையில் உள்ள லோரியான். பரம்பரைச் சான்று தேவையில்லை. சேன் மாலோ ஊரின் கப்பல் குடும்பங்களிலிருந்து பையன்கள் வரிசையாக வந்தார்கள். சம்பளத்தோடு, கப்பலில் தன் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ள உரிமையும் உண்டு. உண்மையான பணம் அதில்தான்.

இதனால்தான் இவன் நம் கதைக்குப் பொருந்துகிறான். சொந்த வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் துபாஷி வேண்டும், துணி வியாபாரி வேண்டும், கடன் கொடுக்கும் செட்டியார் வேண்டும், விலை பேசப் பொறுமை வேண்டும். அரசரின் அதிகாரிக்குத் தமிழர்களோடு எந்த வேலையும் இல்லை; கும்பினி ஆளுக்கு நாள்தோறும் அவர்களோடுதான் வேலை.

லா பூர்தொனேயின் வாழ்க்கை அப்படியே ஒரு கதைச்சுருக்கம். 1699இல் சேன் மாலோவில் பிறந்தார்; பத்து வயதளவிலேயே கடல்; இருபது வயதில் கும்பினி. 1725இல் மலபார்க் கரையில் மாஹேயைப் பிடித்த படையில் இருந்தார். பிறகு கும்பினியை விட்டு விலகி, சொந்த வியாபாரத்தில் பணம் சேர்த்தார். கோவாவில் போர்த்துக்கீசியரிடமும் கொஞ்ச காலம் பணி. 1735இல் மொரீஷியஸுக்கும் ரெயூனியனுக்கும் கவர்னர். போர்ட் லூயியில் மருத்துவமனை, தண்ணீர்க் கால்வாய், கப்பல் தளம் என்று கட்டியெழுப்பினார்.

1746இல் தீவில் கிடைத்த ஆட்களையும் கப்பல்களையும் திரட்டிக்கொண்டு வந்தார். ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் பெய்ட்டனின் ஆங்கிலக் கப்பல்களோடு சண்டை. செப்டம்பர் 21 அன்று சென்னை சரணடைந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுத்தார். மீட்புத் தொகை 11 லட்சம் வராகன். புதுச்சேரி கவர்னர் டூப்ளே அதை ஏற்கவில்லை. சென்னையைத் தருவதாக ஆற்காட்டு நவாபுக்கு அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். சென்னையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் லா பூர்தொனேக்கு உண்டென்றும் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் கடிதத்தில் குத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த அக்டோபர்ப் புயல். கப்பல் இழந்தவர் கையில் பேரம் பேச எதுவும் மிஞ்சவில்லை. அவர் போனதும் டூப்ளே ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

ஊர் திரும்பும் வழியில் லா பூர்தொனேயை ஆங்கிலேயர் பிடித்தார்கள். லண்டனில் மரியாதையாக நடத்தி, வாக்கின்பேரில் அனுப்பினார்கள். சொந்த நாட்டில்தான் சிறை. லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 1748 முதல் 1751 வரை பாஸ்டீல். குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள், ஆனால் உடம்பு கெட்டிருந்தது, 1753இல் இறந்தார். டூப்ளேயும் 1754இல் பதவி பறிபோய்த் திரும்பி, கும்பினியிடம் பணம் கேட்டு வழக்காடியே 1763இல் இறந்தார். இருவரையும் தீர்த்துக்கட்டியது பாரிஸில் உட்கார்ந்திருந்த கணக்குப் புத்தகம்.

மறைமுகச் செலவு இதிலிருந்தே தெரியும். அரசரின் அதிகாரி தோற்றால் மானம் போகும். கும்பினி அதிகாரி வென்றாலும் கணக்கு காட்ட வேண்டும். சொந்தச் சரக்குக்கும் கும்பினிச் சரக்குக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. எதிரி ஒருவன் எழுதும் ஒரு கடிதம் போதும். இரண்டாவது செலவு, போர் வந்தால் கும்பினிக் கப்பலும் படைவரிசையில் நிற்கும். 1758இல் தாஷேயிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை கும்பினிக் கப்பல்கள்தான். சரக்கு ஏற்றக் கட்டிய கப்பலில் பீரங்கி வைத்துப் போர்க்கப்பலோடு மோதுவதும், தன்னைவிடக் கடல் அனுபவம் குறைந்த சிவப்புப் பையனின் ஏளனத்தைப் பொறுப்பதும் ஒரே நாளில் நடக்கும்.

கவனிக்க வேண்டிய எல்லை: 1769இல் கும்பினியின் ஏகபோகம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு கப்பல்களும் லோரியானும் அரசரிடம் போயின. 1785இல் புதிய கும்பினி ஒன்று தொடங்கினாலும் அது வெறும் வியாபாரம்; பழைய வீச்சு இல்லை. 1775இல் கும்பினிக் கேப்டனைப் புதுச்சேரியில் இறக்கினால் வரலாறு தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

## நீல அதிகாரி: யாரும் எழுதாத ஆள்

போர் தொடங்கினால் சிவப்பு அதிகாரிகள் போதாது. வணிகக் கப்பலிலிருந்தும் பழைய கும்பினி ஆட்களிலிருந்தும் துணை அதிகாரிகளை எடுப்பார்கள், உடை நீலம். கப்பலை உண்மையில் ஓட்டத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள். போர் முடிந்ததும் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கும் பதவிக்கும் மனுப் போட்டுப் போட்டு ஓய்வதுதான் பலருடைய பிற்கால வாழ்க்கை.

வில்லாரே த ஜோயேஸ் இந்த வழியின் நல்ல முகம். பிறப்பால் கீழானவர் அல்ல, ஆனாலும் காவலர் படை வழியாக வரவில்லை. 1778இல் புதுச்சேரி முற்றுகையில் ஊரைக் காத்தவர்களில் ஒருவர். பிறகு சுஃப்ரேனின் நம்பிக்கைக்குரியவர் ஆனார். 1783 ஏப்ரலில் நயாத் என்ற சிறு கப்பலில் அவரைச் சென்னைப் பக்கம் அனுப்பினார்; பல மடங்கு பெரிய ஆங்கிலேயப் போர்க்கப்பல் செப்டர் எதிரே வந்துவிட்டது. மணிக்கணக்கில் போராடிய பிறகே சரணடைந்தார். பிரெஞ்சுப் புரட்சி வந்து சிவப்பு அதிகாரிகள் பெருமளவில் நாட்டை விட்டு ஓடியபோது மேலே இடம் காலியானது. 1793இல் ரியர் அட்மிரல். 1794 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் நடந்த பெருஞ்சண்டையில் பிரெஸ்ட் கடற்படைக்கே தலைவர்.

1786இல் காஸ்த்ரி காவலர் படையைக் கலைத்து வான், அலேஸ் ஊர்களில் பள்ளி வைத்தார். பிரபு அல்லாதவருக்கும் ஒரு சிறு நிரந்தரப் பதவியைத் திறந்தார். நாயகன் வயது தெரிந்தால் இந்த ஆண்டைக் கணக்கில் வையுங்கள். மூன்று ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் வீடு, பின்னால் பிறந்திருந்தால் பதவி.

கும்பினியையும் நீலத்தையும் ஒரே ஆளில் இணைக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. 1765இல், இடிந்த புதுச்சேரியை மீண்டும் கட்டும்போது, கும்பினிக் கப்பலில் இளம் அதிகாரியாக வருகிறான். 1770இல் வேலை போகிறது. ஊரிலேயே தங்கிச் சரக்குக் கப்பல் ஓட்டுகிறான். பருவக்காற்று இப்போது அவனை விரட்டவில்லை, கரையில் அவனுக்கு வீடும் கடனும் இருக்கின்றன. 1778இல் முற்றுகை, 1782இல் சுஃப்ரேன் வருகிறார், நீல உடை கிடைக்கிறது. 1783இல் அமைதி. உடை போகிறது. ஒரு நாவலின் எலும்புக்கூடு வரலாற்றிலேயே தயாராக இருக்கிறது.

## தனியார் போர்க்கப்பல்

அரசின் உரிமச்சீட்டோடு எதிரியின் வணிகக் கப்பலைப் பிடிப்பது. பிடித்ததில் பெரும் பங்கு முதலாளிகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு கப்பல் ஆட்களுக்கு. கடற்கொள்ளையன் என்று இவனை எழுதினால் தவறு. சீட்டு இருந்தால் பிடிபடும்போது போர்க்கைதி, இல்லாவிட்டால் தூக்கு.

இந்த வழியில் மிக உயரம் போனவர் துகே த்ருவேன். சேன் மாலோக்காரர்; 1697இல் அரசரின் கடற்படைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்; 1709இல் பிரபுப் பட்டம்; 1711இல் ரியோ டி ஜெனிரோவைப் பிடித்தார். அந்தக் கதவு அடுத்த தலைமுறைக்கு அவ்வளவு திறந்திருக்கவில்லை. தனியார் போர்க்கப்பல் தலைவன் துரோ 1760 பிப்ரவரியில் அயர்லாந்தில் கோட்டையைப் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார்.

நம் கடலுக்கு வந்தவர் சுர்கூஃப். மொரீஷியஸ் கவர்னர் சீட்டுத் தர மறுத்தும் புறப்பட்டு, 1796 ஜனவரியில் ஒரிசாக் கரையருகே தன் கப்பலைவிடப் பெரிய டிரைட்டன் என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தார். சீட்டு இல்லை என்று பிடித்ததையெல்லாம் தீவு நிர்வாகம் எடுத்துக்கொண்டது. பாரிஸ் போய் வாதாடித்தான் பணம் வாங்கினார். 1800 அக்டோபரில் வங்காள விரிகுடாவில் கென்ட் என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது புகழின் உச்சி.

எல்லாம் சரி, ஆனால் 1793 முதல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். சுர்கூஃப் போன்றவன் அங்கே கால் வைத்தால் விலங்குதான். கடல் சாகசம் வேண்டும், ஊர் வேண்டாம் என்றால் இவனை எடுங்கள்.

## தரைப்படையிலிருந்து தாவியவர்

அரசவைச் செல்வாக்கு உள்ளவருக்கு மட்டும் திறக்கும் பக்கவாசல். நோட்டரி மகன் பூகேன்வீல் கணிதம் எழுதினார், கனடாவில் பிரெஞ்சுத் தளபதி மோன்கால்மிடம் பணிபுரிந்தார், 1763இல் நேராகக் கேப்டன் ஆனார். சுஃப்ரேனுக்கு அதே பதவிக்கு இன்னும் ஒன்பது ஆண்டு பாக்கி இருந்தது. 1766–69இல் உலகைச் சுற்றினார்.

தமிழ்க் கரைக்கு உறவுள்ளவர் தெஸ்தேன். லாலியோடு வந்து, 1758 டிசம்பரில் சென்னை முற்றுகையில் பிடிபட்டார். போர் புரிவதில்லை என்ற வாக்கில் விடுவிக்கப்பட்டு, அந்த வாக்கை எப்படியோ விளக்கிக்கொண்டு கும்பினிக் கப்பல்களில் பாரசீக வளைகுடாவிலும் சுமாத்ராவிலும் ஆங்கிலேயர் சாவடிகளைத் தாக்கினார். இரண்டாம் முறை பிடித்தபோது ஆங்கிலேயர் அவரை அன்பாக நடத்தவில்லை. 1763இல் ஒரே தாவலில் கடற்படை லெப்டினன்ட் ஜெனரல். சிவப்பு அதிகாரிகள் கடைசிவரை அவரைத் தம்மவராக ஏற்கவில்லை. 1794இல் கில்லட்டின். வாக்குத் தவறிய வில்லன் வேண்டுமென்றால் இவரைப் போல ஒருவனை வைக்கலாம். நாயகனாக்கினால் கப்பல் விவரங்களில் அவன் தடுமாறுவதையும் எழுத வேண்டும்; கீழ் அதிகாரிகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

## இன்னும் தடுமாறுகிறவர்களுக்கு

1740களின் கதை என்றால் கும்பினி. இரண்டாம் யோசனை வேண்டாம். 1758–61 என்றால் முற்றுகைக்குள் அகப்பட்ட கும்பினி ஆள் ஒருவன், கடல் பக்கம் தாஷேயின் பாய் தெரிகிறதா என்று பார்க்கும் ஊர். சிவப்பு அதிகாரி துணைப் பாத்திரமாக இருக்கட்டும். 1765–83 என்றால் மேலே சொன்ன கலப்பு வாழ்க்கை. 1785–93இல் கடற்படைக் கதைக்குப் புதுச்சேரியில் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே அரசியல் கதை எழுதலாம்.

"நாயகனே தமிழன், அவனை அதிகாரி ஆக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். இந்த ஆறு வழிகளிலும் முடியாது. ஆனால் கப்பலில் அவனுக்கு இடம் உண்டு. 1783 ஜூனில் கடலூருக்கு முன் சுஃப்ரேனிடம் 15 கப்பல், ஹியூஸிடம் 18. நோயாலும் சண்டையாலும் பிரெஞ்சுக் கப்பல்களில் ஆள் இல்லை. கரையில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுத் தரைப்படைத் தலைவர் புஸ்ஸியின் படையிலிருந்து ஐரோப்பியரும் சிப்பாய்களுமாக 1,200 பேரை ஏற்றிக்கொண்டு போய்த்தான் ஜூன் 20 சண்டையை நடத்தினார்கள். ஹியூஸ் சென்னைக்கு விலகினார். ஒன்பது நாள் கழித்து, ஐரோப்பாவில் முன்பே அமைதி பேசி முடிந்துவிட்டது என்ற செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது. அந்த 1,200 பேரில் ஒரு சிப்பாயை எடுத்து, நீல அதிகாரி ஒருவன் காவல் பார்க்கும் பீரங்கித் தட்டில் நிறுத்துங்கள். இருவருக்கும் அடுத்த மாதமே வேலை போகப் போகிறது.